ஜப்பானில் ஊர்ப் பலகாரமும் வீட்டுச் சமையலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலைக்கோ படிப்புக்கோ ஜப்பான் வந்து இறங்கும் நம்மவர்கள் முதல் ஆறு மாதத்தில் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். ஆபீஸில் ஆளாளுக்கு மிட்டாய்ப் பெட்டியோடு வருகிறார்களே, நானும் வாங்க வேண்டுமா? கடையில் பத்து வகை மிசோ (சோயா அவரையைப் புளிக்கவைத்த விழுது) இருக்கிறதே, எதை எடுப்பது? தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துப்போய் மொத்தமாக எழுதிவிட்டேன். சமையலையும் ஊர்ப் பலகாரத்தையும் சேர்த்துப் போட்டதற்குக் காரணம் உண்டு. இங்கே சாப்பாட்டுப் பொருள் எதை எடுத்தாலும் முதலில் கேட்பது "இது எந்த ஊருது?" என்றுதான். அடுக்களையிலும் அதே கேள்வி, ரயில் நிலையக் கடையிலும் அதே கேள்வி.

ஒமியாகே என்கிறார்களே, அது என்ன? கட்டாயமா?

வெளியூர் போனவர், போகாதவர்களுக்காக வாங்கி வருவது ஒமியாகே. பெரும்பாலும் தின்பண்டம். நம் ஞாபகத்துக்கு வாங்கி வைத்துக்கொள்ளும் சாவிக்கொத்து இந்தக் கணக்கில் வராது. நாலு நாள் லீவு போட்டுவிட்டு ஹொக்கைடோ போனீர்கள் என்றால், அந்த நாலு நாளும் உங்கள் வேலையையும் சேர்த்துப் பார்த்த பக்கத்து சீட்டுக்காரர் வாய்க்கு ஹொக்கைடோவில் ஒரு துண்டு போய்ச் சேர வேண்டும். கட்டாயம் ஒன்றும் இல்லை. கொடுக்காவிட்டால் யாரும் எதுவும் சொல்லவும் மாட்டார்கள். அதுதான் சங்கடமே.

ஒருவர் வீட்டுக்கு விருந்துக்குப் போகும்போது கையில் கொண்டு போவதற்குப் பெயர் வேறு, தெமியாகே. அதை அவர்கள் வீட்டுத் தெருமுனைக் கடையில் வாங்காதீர்கள். வரும் வழியில் ஞாபகம் வந்து வாங்கியது போலாகிவிடும். உங்கள் பேட்டைக் கடையில் வாங்கி, காகிதப் பையிலிருந்து வெளியே எடுத்து, இரண்டு கையாலும் கொடுங்கள். அவர்கள் உங்கள் முன்னால் பிரிக்காமல் உள்ளே கொண்டுபோய் வைத்தால் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

எந்த அளவுப் பெட்டி வாங்குவது? ஏன் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகச் சுற்றி வைத்திருக்கிறார்கள்?

பெட்டியில் எத்தனை துண்டு என்று வெளியிலேயே போட்டிருக்கும். தலையை எண்ணி, மேலே இரண்டு மூன்று சேர்த்து வாங்குங்கள். பற்றாமல் போவதைவிட மிஞ்சுவது மேல். ஒவ்வொன்றாகச் சுற்றி வைத்திருப்பது பங்கு போடத்தான். அன்று லீவில் இருப்பவர் மேஜையிலும் ஒன்றை வைத்துவிட்டுப் போகலாம்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதல் தடவை ஊருக்குப் போய்த் திரும்பியபோது பெருமையாக ஒரு கிலோ திருநெல்வேலி அல்வா கொண்டுவந்தேன். குழுவில் 14 பேர். டப்பாவைத் திறந்தால் நெய் மின்ன ஒரே கட்டி. தட்டு இல்லை, கரண்டி இல்லை. ஒருவர் பல்குத்தும் குச்சியால் எடுக்கப் பார்த்தார். குச்சி அல்வாவிலேயே நின்றுவிட்டது. கடைசியில் பிளாஸ்டிக் கத்தியால் வெட்டி டிஷ்யூ காகிதத்தில் வைத்துக் கொடுத்தேன். காகிதம் நெய்யைக் குடித்து ஒவ்வொரு மேஜையிலும் வட்டமாக ஒரு முத்திரை விழுந்தது. எல்லோரும் "நன்றாக இருக்கிறது" என்றார்கள். கை கழுவ எழுந்தும் போனார்கள். மறு வருஷம் சின்னப் பொட்டலம் போட்ட கோவில்பட்டி கடலைமிட்டாய். பத்து நிமிஷத்தில் காலி.

இந்தப் பழக்கம் எப்படி வந்தது?

பெரும்பாலும் சொல்லப்படுவது இஸே யாத்திரைக் கதை. எடோ காலத்தில் (1603–1868) இஸே பெருங்கோயிலுக்குப் போய்வருவது வாழ்நாள் ஆசை. ஆனால் அத்தனை தூரம் நடக்க எல்லோரிடமும் காசு ஏது? ஊர்க்காரர்கள் கூடி நம்மூர்ச் சீட்டு போலப் பணம் சேர்ப்பார்கள். குலுக்கலில் பெயர் விழுந்தவர் எல்லோருக்குமாகச் சேர்த்துப் போய் வருவார். மற்றவர்கள் காசில் போனவர் வெறுங்கையோடு திரும்ப முடியுமா? கோயில் தாயத்து, காகிதச் சீட்டு என்று எடை இல்லாத பொருளாகக் கொண்டுவந்து வீடு வீடாகக் கொடுத்தார். நடந்து போகும் காலத்தில் பலகாரம் கொண்டுவந்தால் வழியிலேயே கெட்டுவிடும்.

ரயில் வந்த பிறகு அந்தத் தடை போயிற்று. இஸேயில் அகஃபுகு என்று ஒரு பலகாரம், 1707 முதல். இடித்த பசையரிசியில் செய்த வெள்ளை மோச்சிமேல் சிவப்பு அவரைப் பூரணத்தை விரலால் மூன்று கோடாக இழுத்து வைத்திருப்பார்கள். பூரணத்தின் அலை கோயிலை ஒட்டி ஓடும் இசுசு ஆறு, அடியில் இருக்கும் மோச்சி ஆற்றுக் கூழாங்கல். கோடையில் இரண்டு நாள், குளிர்காலத்தில் மூன்று நாள்தான் தாங்கும். நடந்து வந்தவர் அங்கேயே தின்றுவிட்டுப் போன பண்டத்தை ரயிலில் வந்தவர் பெட்டியோடு வீட்டுக்குக் கொண்டுபோனார்.

எந்த ஊருக்குப் போனால் எது வாங்குவது?

முழுப் பட்டியல் போட ஆயுள் போதாது. நான் வாங்கிக் கொடுத்து, மறுபடி கேட்டு வாங்கப்பட்டவை மட்டும்.

ஹொக்கைடோ போனால் ஷிரோய் கொய்பிதோ. மெல்லிய இரண்டு பிஸ்கட்டுக்கு நடுவில் வெள்ளைச் சாக்லேட், 1976 முதல் வருகிறது. எந்த ஆபீஸிலும் தோற்காது. கொஞ்சம் சலித்த தேர்வு என்றும் முணுமுணுப்பார்கள், ஆனால் பெட்டி காலியாகும். செந்தாய் போனால் ட்சுந்தா மோச்சி, பச்சைச் சோயா அவரையை அரைத்துச் செய்த இளம்பச்சைப் பூரணம். தனித்தனிப் பொட்டலம் கிடைப்பது கஷ்டம். ஆகவே வீட்டுக்கு வாங்குங்கள், ஆபீஸுக்கு வேண்டாம்.

ஹமாமட்சுவின் உனாகி பை 1961இல் வந்தது. உனாகி என்றால் விலாங்கு. சர்க்கரை தூவிய மொறுமொறு பிஸ்கட்தான், ஆனால் மாவில் விலாங்குச் சத்து நிஜமாகவே சேர்ந்திருக்கிறது. பெட்டியில் "ராத்திரிப் பலகாரம்" என்று போட்டிருக்கும். குடும்பம் இரவில் கூடி உட்கார்ந்து தின்பதற்கு என்ற அர்த்தத்தில் வைத்த பெயராம். படித்தவர்கள் வேறு அர்த்தம் பண்ணிக்கொண்டார்கள், விற்பனை பிய்த்துக்கொண்டு போயிற்று.

கியோத்தோவில் யட்சுஹாஷி. அரிசி மாவு, சர்க்கரை, பட்டைப் பொடி. சுட்டது ஓடு மாதிரி வளைந்து கடிக்கக் கடினமாக இருக்கும். சுடாமல் ஆவியில் வேகவைத்து, நடுவில் பூரணம் வைத்து முக்கோணமாக மடித்ததைத்தான் எல்லோரும் வாங்குகிறார்கள். டப்பாவைத் திறந்ததும் வரும் பட்டை வாசம் நம் மூக்குக்கு உடனே சொந்தமாகிவிடும். ஹிரோஷிமாவில் மொமிஜி மஞ்ஜு, மேப்பிள் இலை அச்சில் சுட்ட கேக்குக்குள் பூரணம். மியாஜிமா தீவில் சுடச்சுடச் சாப்பிட்டால் ஒரு ருசி, பெட்டியில் வந்தது வேறு ருசி.

கியூஷு பக்கம் போனால் ஒரு பழைய சாலையையே வாய்க்குள் போட்டுப் பார்க்கலாம். எடோ காலத்தில் வெளிநாட்டுச் சர்க்கரை வந்து இறங்கிய துறைமுகம் நாகசாகி. அங்கிருந்து கொக்குரா வரை போன பாதையைச் சர்க்கரைச் சாலை என்றே இன்று அழைக்கிறார்கள். தலைவாசலில் நாகசாகியின் கசுதெரா, 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வழியாக வந்த கேக். முட்டை, சர்க்கரை, மாவு, பாகு, அவ்வளவுதான். வெண்ணெய் கிடையாது. அடிப்பக்கம் கரையாத சர்க்கரைக் கற்கள் நறநறவென்று பல்லில் படும். அதே பாதையில் இருக்கும் ஃபுகுஓகா மாநில ஈட்சுகாவில் 1912இல் பிறந்தது ஹியோகோ, கோழிக்குஞ்சு வடிவப் பலகாரம். நிலக்கரிச் சுரங்க ஊர், உழைத்துக் களைத்த உடம்புக்கு இனிப்பு வேண்டியிருந்த ஊர். பிற்பாடு டோக்கியோவிலும் கடை போட்டார்கள். இப்போது டோக்கியோக்காரர்கள் அதைத் தங்கள் ஊர்ப் பண்டம் என்றே நினைக்கிறார்கள். ஃபுகுஓகாக்காரர் யாரிடமாவது அப்படிச் சொல்லிப் பாருங்கள், முகம் மாறும்.

டோக்கியோவில் வாழை விளைகிறதா என்ன, "டோக்கியோ பனானா" என்று விற்கிறார்களே?

விளையவில்லை. 1991இல் வந்த பண்டம், வாழைப்பழ மணமுள்ள கிரீம் வைத்த பஞ்சு கேக். தலைநகருக்கென்று அடையாளப் பலகாரம் சரியாக அமையாமல் இருந்த இடத்தில் இது வந்து உட்கார்ந்துகொண்டது. ஊரின் விளைச்சல் இல்லை, வரலாறு இல்லை, இருந்தும் ஊர்ப்பெயர் ஒட்டிக்கொண்டது. குழந்தைகளுக்கு ரொம்பப் பிடிக்கும், வாங்கலாம்.

நான் சைவம். எந்தப் பண்டம் வாங்கலாம்?

நம்மவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. பழைய ஜப்பானியப் பலகாரம் நமக்குத் தோழன், புதிய கேக் வகைதான் கவனிக்க வேண்டியது. பழைய முறைப் பலகாரத்தில் உள்ளே இருப்பது அன்கோ: அசுகி என்ற சிறு சிவப்புப் பயறை வேகவைத்துச் சர்க்கரையோடு கிண்டியது. நம் கொழுக்கட்டைப் பூரணத்துக்குத் தம்பி. உறைய வைக்கச் சேர்ப்பது கன்தென், நம் கடைகளில் கடல்பாசி என்று விற்கும் பொருள்தான். ஆகவே யட்சுஹாஷி, மோச்சி, யோகான் எல்லாம் பெரும்பாலும் பயமில்லை. யோகான் பூரணத்தைக் கடல்பாசியோடு கட்டியாக்கிய வில்லை, மாதக்கணக்கில் தாங்கும். பாட்டிகளுக்கு அனுப்ப அதைவிட நல்லது இல்லை.

மேல்நாட்டு வகைப் பண்டங்களில் முட்டை அநேகமாக இருக்கும். மெல்லும் மிட்டாய்களில் ஜெலட்டின் இருக்கும். முட்டை, பால் இரண்டையும் லேபிளில் கட்டாயம் சொல்லியாக வேண்டும் என்பது சட்டம், ஆகவே கண்டுபிடிப்பது சுலபம். மீன் சாறு அந்தக் கட்டாய வரிசையில் இல்லை. பொருள்களின் பட்டியல் முழுவதையும் போன் கேமராவில் மொழிபெயர்த்துப் படித்துவிடுங்கள். காரமும் உப்புமாக இருக்கும் அரிசி அப்பளம் போன்ற சென்பெய்யில்தான் மீன் ஒளிந்திருக்கும், இனிப்பில் அவ்வளவாக இல்லை.

சமையலில் கதை வேறு. காய்கறி மட்டும் போட்ட குழம்பு, தோஃபு மட்டும் மிதக்கும் சூப், இரண்டிலும் அடியில் மீன் தண்ணீர் இருக்கும். ஓட்டலில் "மீன் வேண்டாம்" என்று சொன்னால் மீன் துண்டை எடுத்துவிட்டுத் தருவார்கள். தாஷி என்கிற அந்த மீன் தண்ணீரைப் பற்றி அவர்கள் யோசிக்கவே மாட்டார்கள். "கட்சுவோ தாஷியும் வேண்டாம்" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். பௌத்த மடங்களின் ஷோஜின் சமையலில் மட்டும் பாசியும் ஷீதாகே காளானும் போட்டுத் தாஷி எடுப்பார்கள்.

தாஷி என்பது என்ன? அது இல்லாமல் சமைக்க முடியாதா?

முடியும், ஆனால் வெந்நீரில் ரசப்பொடி போட்ட மாதிரி இருக்கும். தாஷி என்பது சத்து இறக்கிய தண்ணீர். இரண்டே சாமான். ஒன்று கொம்பு. மாட்டுக் கொம்பு இல்லை, ஹொக்கைடோக் கடலில் விளையும் அகலமான பாசி, காய்ந்து தோல் வார் மாதிரி கிடைக்கும். இன்னொன்று கட்சுவோபுஷி. இதற்கு விளக்கமே வேண்டாம், மாசிக்கருவாட்டின் ஒன்றுவிட்ட சகோதரன். தூத்துக்குடி, யாழ்ப்பாணம் பக்கத்தவர்களுக்கு உடனே புரியும். மாலத்தீவிலும் மினிக்காயிலும் மாசி செய்வதும் இங்கே கட்சுவோபுஷி செய்வதும் ஒரே வகைச் சூரை மீனில்தான். அவித்து, புகையில் காட்டி, மரக்கட்டை போல் காயவைப்பது வரை ஒன்றே. உயர்ந்த ரகத்துக்கு இங்கே அதற்கு மேலும் பூசணம் ஏற்றி, வெயிலில் வைத்து, மறுபடி ஏற்றி மாதக்கணக்கில் பதப்படுத்துகிறார்கள். நாம் மாசியை இடித்துச் சம்பலில் போடுகிறோம். இவர்கள் தச்சர் இழைப்புளியைக் கவிழ்த்துப் பெட்டிமேல் பொருத்தியது போன்ற ஒன்றில் உரசி, மரச்சீவல் மாதிரி எடுத்துத் தண்ணீரில் போடுகிறார்கள். ககோஷிமாவின் மகுரசாகி, ஷிசுஓகாவின் யாய்சு இரண்டும் இதற்குப் பெயர்போன ஊர்கள்.

செய்முறை: ஒரு லிட்டர் தண்ணீரில் 10 கிராம் கொம்பு, அரை மணி நேரம் ஊறட்டும். மேலே வெள்ளையாகப் படிந்திருப்பதைக் கழுவாதீர்கள், அது ருசி. சின்னத் தீயில் ஏற்றுங்கள். அடியில் சிறு குமிழி கட்டி, கொதி வரப்போகிற சமயம் பாசியை எடுத்துவிடுங்கள். கொதித்தால் வழவழப்பும் கடல்வாடையும் இறங்கும். பிறகு ஒரு கொதி விட்டு, அடுப்பை அணைத்து, இரண்டு கைப்பிடி சீவல், சுமார் 20 கிராம். சீவல் மெதுவாக அடியில் அமிழும். இரண்டு நிமிஷம் கழித்து வடிகட்டுங்கள், பிழிய வேண்டாம். வெளிறிய பொன்னிறத் தண்ணீர் கிடைக்கும். உப்பு ஒரு துளியும் போடாமல் ஒரு வாய் குடித்துப் பாருங்கள்.

நாக்கில் நிற்கிற அந்த ருசிக்குத்தான் உமாமி என்று பெயர். டோக்கியோ பல்கலைக்கழகத்தில் இருந்த இகெதா கிகுனாயே 1908இல் கொம்புவிலிருந்து அதைப் பிரித்துக் காட்டினார். குளூட்டமேட் என்று தெரிந்தது. மறு வருஷமே அது அஜினோமோட்டோ ஆகி விற்பனைக்கு வந்துவிட்டது. கட்சுவோபுஷியில் இருப்பது இன்னொரு பொருள் என்று அவருடைய மாணவர் கொதாமா ஷிந்தாரோ 1913இல் கண்டார். இரண்டும் சேர்ந்தால் ருசி கூட்டல் கணக்கில் ஏறாது, பெருக்கலில் ஏறும். அடுக்களைக்காரர்கள் பல நூறு வருஷமாகச் சேர்த்துத்தான் போட்டார்கள்.

நேரமில்லை என்றால் தூள் பாக்கெட் வாங்கலாம், பாதி ஜப்பானிய வீடுகளில் அதுதான். உப்பு ஏற்கெனவே சேர்ந்திருக்கும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். இன்னொரு வழி நிபோஷி, அவித்துக் காயவைத்த நெத்திலி. தலையையும் வயிற்றுக் கறுப்பையும் கிள்ளிவிட்டு இரவெல்லாம் தண்ணீரில் போட்டால் போதும். ககாவா மாநில உதோன் (தடித்த கோதுமை நூடுல்ஸ்) கடைகளின் வாசமே இந்த நெத்திலி வாசம்தான்.

கடையில் அத்தனை மிசோ. எதை எடுப்பது?

பயப்படாமல் முதலில் நாகானோவின் ஷின்ஷு மிசோ எடுங்கள். இளம் பழுப்பு நிறம், நடுத்தர உப்பு, எதற்கும் ஒத்துப்போகும். நாட்டில் அதிகம் விற்பதும் அந்த வகைதான்.

ஆனால் சக ஊழியர் வீட்டில் என்ன மிசோ என்று கேட்டுப் பாருங்கள், அவர் தாயார் எந்த ஊர் என்று சொல்லிவிடலாம். கியோத்தோ வீடு என்றால் வெள்ளை மிசோ, இனிப்பாக, அதிகம் புளிக்காமல் இருக்கும். கியூஷு என்றால் பார்லி சேர்த்தது. ஐச்சி மாநிலத்தவர் என்றால் கறுப்புக்குப் பக்கத்தில் நிற்கும் அவரை மிசோ. அதில் பெயர்பெற்றது ஒகாசாகியின் ஹாச்சோ மிசோ. அரிசியோ பார்லியோ கிடையாது, சோயாவும் உப்பும் மட்டும். ஆளுயரத் தேவதாரு மரத் தொட்டியில் போட்டு, மேலே ஆற்றுக் கற்களைக் கூம்பாக அடுக்கி, இரண்டு கோடை இரண்டு குளிர்காலம் விட்டுவிடுவார்கள். ஹாச்சோ என்றால் எட்டு சோ, ஒகாசாகிக் கோட்டையிலிருந்து அந்த ஊர் இருக்கும் தூரம், ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. எனக்கு முதல் தடவை புளியைக் கரித்த மாதிரி இருந்தது. இப்போது கத்தரிக்காய்க்கு அதைத் தவிர வேறு எதுவும் போடுவதில்லை.

மிசோ சூப் வைத்தால் ஓட்டல் வாசம் வரவில்லையே?

மிசோ போட்ட பிறகு கொதிக்க விட்டிருப்பீர்கள். ரசம் நுரை கட்டியதும் இறக்குகிறோம் இல்லையா, அதே கணக்கு. காயும் தோஃபுவும் தாஷியில் வெந்ததும் அடுப்பை அணையுங்கள். கரண்டியில் மிசோவை எடுத்து, அந்தக் கரண்டிக்குள்ளேயே கொஞ்சம் தாஷி விட்டு, குச்சியால் கரைத்துக் கலக்குங்கள். கிண்ணத்துக்கு ஒரு மேசைக்கரண்டிக்குச் சற்றுக் குறைய. நுனி வெங்காயத்தாள் தூவி உடனே குடித்துவிட வேண்டும். மறுபடி சுட வைத்தது இரண்டாம் தரம்தான்.

சா-ஷி-சு-செ-சோ என்று சமையல் சொல்லிக் கொடுப்பவர்கள் பாடுவது என்ன?

சாமான் சேர்க்கும் வரிசை. ஜப்பானிய எழுத்து வரிசையிலேயே வருவதால் குழந்தைக்கும் மறக்காது. சா சர்க்கரை, ஷி உப்பு, சு வினிகர், செ சோயா சாஸ் (பழைய எழுத்தில் அது செ-யில் தொடங்கும்), சோ மிசோ. சர்க்கரை காய்க்குள் இறங்க நேரம் எடுக்கும், உப்பை முதலில் போட்டால் காய் இறுகிவிடும் என்று காரணம் சொல்வார்கள். கடைசி இரண்டும் வாசத்துக்கு, ஆகவே பின்னால்.

சோறு குழைகிறது, அல்லது அரிசியாக நிற்கிறது. எங்கே தப்பு?

குக்கரோடு வரும் குவளை 180 மில்லி. கடையில் வாங்கும் அளவுக் குவளை 200. அதைக் குழப்பிக்கொள்வதால்தான் பாதித் தப்பு. அரிசியைக் களைந்து, அரை மணி நேரம் ஊறவிட்டு, குக்கருக்குள் இருக்கும் கோடு வரை தண்ணீர். கஞ்சி வடிப்பது என்ற பேச்சே இல்லை. வெந்ததும் பத்து நிமிஷம் மூடியே இருக்கட்டும், பிறகு கிளறுங்கள். இந்தச் சோற்றில் சாம்பார் ஊற்றிப் பிசையாதீர்கள், களி கிண்டிய மாதிரி ஆகும். தயிர் மட்டும் ஆச்சரியமாகச் சேரும்.

ஒரே பண்டம் ஊருக்கு ஊர் மாறுமா?

மாறும், அதில்தான் சுவாரஸ்யம். நிஸ்ஸின் கம்பெனியின் தொன்பெய் என்ற கப் உதோனையே எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்கில் விற்பதில் சின்னதாக ஈ என்ற ஆங்கில எழுத்து, மேற்கில் விற்பதில் டபிள்யூ. பாக்கெட் நூடுல்ஸுக்கே கிழக்குக்கு ஒரு ருசி, மேற்குக்கு ஒரு ருசி. கிழக்கில் சோயா சாஸ் தூக்கலாகக் கறுத்த சூப், மேற்கில் கொம்பு தூக்கலாக வெளிறிய சூப். நிகுஜாகா என்ற உருளைக்கிழங்கு இறைச்சிக் குழம்பில் ஒசாகா பக்கம் மாட்டிறைச்சி, டோக்கியோ பக்கம் பன்றி.

புத்தாண்டு அன்று குடிக்கும் ஜோனி சூப்பில் கிழக்கே மோச்சி சதுரம், மேற்கே வட்டம். ககாவாக்காரர்கள் வெள்ளை மிசோ சூப்புக்குள் பூரணம் வைத்த இனிப்பு மோச்சியைப் போடுவார்கள். கேட்டபோது எனக்கு முகம் சுளித்தது. குடித்துப் பார்த்தேன், பரவாயில்லை, மூன்றாவது வாயில் பிடித்துப்போனது. கிழக்கும் மேற்கும் மணந்துகொண்ட வீட்டில் ஜனவரி முதல் தேதி ஒரு மோச்சி, இரண்டாம் தேதி வேறு மோச்சி என்று சமரசம் நடக்கும்.

இன்னொன்று, சேக்கிஹான் என்ற சிவப்புச் சோறு. நல்ல நாளில் செய்வது. டோக்கியோ பக்கம் அசுகிக்குப் பதில் ஸசாகே போடுவார்கள், அதாவது நம் காராமணி. அசுகி வெந்தால் வயிற்றுப் பக்கம் தோல் வெடிக்கும், அது வாளால் வயிற்றைக் கிழித்துக்கொள்வதை நினைவூட்டியதால் சாமுராய்களுக்கு ஆகவில்லை என்று சொல்லப்படுகிறது.

இவர்களுடைய கறி நம் குழம்பு போலவா?

இல்லை. மெய்ஜி காலத்தில் (1868–1912) பிரிட்டன் வழியாக வந்த மாவுக் குழம்பு அது. இனிப்பாக, கெட்டியாக இருக்கும். நேராக இந்தியாவிலிருந்து வந்த கிளையும் உண்டு: நம் விடுதலைப் போராட்டத்துக்காக இங்கே அடைக்கலம் புகுந்த ராஷ் பிஹாரி போஸ் தம் மாமனார் கடையான ஷிஞ்சுகு நாகமுராயாவில் 1927இல் இந்தியக் கறியை அறிமுகப்படுத்தினார். இன்னும் விற்கிறார்கள். சைவர்கள் கட்டிக் கறி மசாலா வாங்கும்போது கவனம், பெரும்பாலானவற்றில் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ இருக்கும். யோகோசுகா கடற்படைக் கறி போல ஊர்ப்பெயர் போட்ட பொட்டலக் கறிகளும் ஒமியாகேதான்.

காரமாக ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது, அளவாக. யூசு கோஷோ வாங்குங்கள். கியூஷுவின் பொருள். யூசு எலுமிச்சையின் தோல், பச்சை மிளகாய், உப்பு மூன்றையும் அரைத்தது. கோஷோ என்றால் பொதுவாக மிளகு, ஆனால் கியூஷு பேச்சில் மிளகாய். மிளகும் மிளகாயும் கலங்கிய கதை நமக்குப் புதிதல்லவே. தயிர்ச்சாதத்துக்குக் கால் கரண்டி போதும். நீகாதாவில் கன்சுரி என்று ஒன்று, மிளகாயைப் பனிமேல் பரப்பிக் கடுமை தணித்து, புளிக்க வைத்துச் செய்வது. டோக்கியோவில் யகென்போரி கடையின் ஏழு சாமான் கலந்த காரப்பொடி 1625 முதல் இருக்கிறது.

ஊருக்கு எடுத்துப் போகும்போது என்ன கவனிக்க வேண்டும்?

மிசோ, யூசு கோஷோ இரண்டும் விமான நிலையத்தில் திரவக் கணக்கு. கைப்பையில் வைத்தால் போய்விடும், பெரிய பெட்டியில் போடுங்கள். தேதி பார்க்கும்போது ஷோமி கிகென் என்றால் அதுவரை ருசி நன்றாக இருக்கும் என்று அர்த்தம், ஓரிரு நாள் தாண்டினாலும் குடி முழுகாது. ஷோஹி கிகென் என்றால் அதற்குள் தின்றே தீர வேண்டும். அகஃபுகு போன்றவற்றை ஊருக்குக் கொண்டுபோக ஆசைப்படாதீர்கள். இறைச்சி கலந்த எதையும் தவிர்த்துவிடுங்கள்.

போகாமலே வாங்க முடியுமா?

முடியும். டோக்கியோவின் கின்சா, யூராக்குசோ, நிஹோன்பாஷி பக்கம் மாநில அரசுகளே நடத்தும் கடைகள் வரிசையாக உண்டு. ஆன்டெனா கடை என்பார்கள். அகிதாவின் புகை போட்ட முள்ளங்கி ஊறுகாய் வேண்டுமென்றால் அகிதா போக வேண்டியதில்லை. வீட்டுச் சமையலுக்கு வாங்க அருமையான இடம். ஆனால் அங்கே வாங்கிய பெட்டியை ஆபீஸில் வைத்து "போய் வந்தேன்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்த ஊர்க்காரர் ஒருவர் நிச்சயம் இருப்பார், எந்தப் பக்கம் தங்கினீர்கள் என்று ஆர்வமாகக் கேட்பார்.

தாஷி எடுத்தபின் மிஞ்சும் பாசியையும் சீவலையும் கொட்டிவிடலாமா?

கொட்டாதீர்கள். இரண்டு மூன்று தடவை சேர்ந்ததும் பாசியைப் பொடியாக நறுக்கி, சீவலையும் போட்டு, வாணலியில் ஈரம் போக வதக்குங்கள். சோயா சாஸ், மிரின் (சமையலுக்கான இனிப்பு அரிசி மது), கொஞ்சம் சர்க்கரை, கடைசியில் எள். சுண்டி ஒட்டிக்கொள்ளும் பதத்தில் இறக்கினால் சோற்றின்மேல் தூவிச் சாப்பிட ஃபுரிகாக்கே. நான் வரமிளகாய் இரண்டு கிள்ளிப் போடுவேன். பக்கத்து வீட்டு அம்மாள் ஒரு முறை ருசி பார்த்துவிட்டு "இது எந்த ஊர் ஃபுரிகாக்கே?" என்று கேட்டார்.